மாவட்டக் கவுன்சில் கலைகிறது, பாரிஷ் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கவுண்டியில் 2028 ஏப்ரலோடு மாவட்டக் கவுன்சிலும் கவுண்டி கவுன்சிலும் போய், ஒரே அடுக்காக யூனிட்டரி கவுன்சில் வரப்போகிறது. போன வருடம்தான் நம் ஊராட்சி மாதிரி இருக்கும் ஊர்ப் பாரிஷ் கவுன்சிலில் காலியாக இருந்த இடத்துக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்களையும் கலைத்துவிடுவார்களா? மாவட்டத்துக்காரர்கள் இப்போதே பூங்காவையும் அதை ஒட்டிய பொதுக் கழிப்பறையையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?"

நான் வேறொரு கவுண்டியில் டவுன் கவுன்சில் கிளார்க்காக, அதாவது தலைமை அலுவலராக, வேலை பார்க்கிறேன். டவுன் கவுன்சில் என்பது பெரிய ஊரின் பாரிஷ் கவுன்சில்தான். எங்கள் பக்கம் இந்த மாற்றம் சில வருடங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. அதில் பட்டதையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: மாட்டார்கள். பாரிஷ் கவுன்சில்கள் 1894ஆம் வருடச் சட்டத்தில் பிறந்தவை. அதற்குப் பிறகு மேலே இருக்கும் அடுக்குகள் எத்தனையோ தடவை மாறிவிட்டன. 1974இல் நாடு முழுக்க மாறியது. 2009இல் கார்ன்வால், வில்ட்ஷர், டர்ஹம், ஷ்ராப்ஷர் எல்லாம் யூனிட்டரி ஆயின. 2019இல் டார்செட், 2020இல் பக்கிங்ஹம்ஷர், 2021இல் நார்தாம்ப்டன்ஷர், 2023இல் சாமர்செட், நார்த் யார்க்ஷர், கம்ப்ரியா. ஒவ்வொரு தடவையும் மாவட்டங்கள் மறைந்தன, பாரிஷ்கள் நின்றன. ஒரு பாரிஷ் கவுன்சிலைக் கலைக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஓர் ஆய்வு நடத்தி, மக்களிடம் கருத்துக் கேட்டு, தனியாக ஆணை போட வேண்டும். மேலடுக்கு மாறுகிறது என்பதற்காகக் கீழடுக்கு தானாகப் போகாது.

நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்புதான். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியை மாநகராட்சியோடு இணைத்தால் ஊராட்சியே இல்லாமல் போய்விடும். நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்று மக்கள் மறியல் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே கதை நேர்மாறு. சின்னது நிற்கிறது, நடுவில் இருக்கும் மாவட்டமும் மேலே இருக்கும் கவுண்டியும் கலைந்து ஒன்றாகின்றன. கடைசியில் உங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரே கவுன்சில் உங்களுடையதாகத்தான் இருக்கும். அதனால்தான் எல்லாப் பாரமும் உங்கள் பக்கம் சாய்கிறது.

இப்போதைய சுற்று 2024 டிசம்பர் 16 அன்று வந்த வெள்ளை அறிக்கையில் தொடங்கியது. இரண்டடுக்கு உள்ள 21 பகுதிகளையும் யூனிட்டரி ஆக்குவது, ஒவ்வொரு புதிய கவுன்சிலிலும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இருப்பது என்பது திட்டம். சர்ரே முதலில் போகிறது. அதைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்க 2025 அக்டோபரில் முடிவானது, 2027 ஏப்ரலில் புதிய கவுன்சில்கள் பொறுப்பேற்க வேண்டும். மற்றவற்றுக்கு அரசு போட்டிருக்கும் அட்டவணை 2027 மேயில் தேர்தல், 2028 ஏப்ரலில் பொறுப்பு. நடுவில் இருக்கும் ஏறக்குறைய ஒரு வருடம், தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய கவுன்சில் நிழல் கவுன்சிலாக இருக்கும். பழைய கவுன்சில்தான் குப்பை எடுக்கும், ஆனால் எந்தப் பெரிய முடிவுக்கும் புதியவர்களின் முகத்தைப் பார்க்கும். பாரிஷ்கள் மாட்டிக்கொள்வது இந்த ஒரு வருடத்தில்தான்.

பாரிஷ் கலையாது என்றால் ஒன்றுமே மாறாதா? மாறும். உங்களுக்கு மறுமுனையில் இருக்கும் ஆட்கள் எல்லோரும் மாறுவார்கள். உங்கள் பிரிசெப்ட்டை, அதாவது கவுன்சில் வரியோடு சேர்த்து உங்களுக்காக வசூலிக்கப்படும் பங்கை, இப்போது மாவட்டம்தான் வசூலித்துத் தருகிறது. பாரிஷ் தேர்தலை நடத்துவது மாவட்டம். வீடு கட்டும் விண்ணப்பங்களுக்கு உங்கள் கருத்தைக் கேட்பது மாவட்டம். ஓர் உறுப்பினர்மேல் நடத்தைப் புகார் வந்தால் விசாரிக்கும் அதிகாரியும் மாவட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்த நான்கும் ஒரே இரவில் யூனிட்டரிக்குப் போகும். வருடக்கணக்காகப் பெயர் சொல்லிப் பேசிய ஆள் வேறு ஊரில் வேறு நாற்காலிக்குப் போயிருப்பார், அல்லது ஓய்வு வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஆகவே இப்போதே ஒரு நோட்டு போடுங்கள்: எந்த வேலைக்கு யார், எந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, எந்த வாக்குறுதி வாய்மொழியாக மட்டும் இருக்கிறது. வாய்மொழியாக இருப்பதையெல்லாம் ஒரு மின்னஞ்சல் போட்டு "நாம் பேசியது இதுதானே" என்று பதில் வாங்கி வையுங்கள்.

தேர்தல் தேதியையும் கவனியுங்கள். கவுன்சில்களை மாற்றியமைக்க அரசு போடும் மறுசீரமைப்பு ஆணையில் பாரிஷ் தேர்தலையே முன்கூட்டிக் கொண்டுவந்துவிட முடியும். சாமர்செட்டில் 2023இல் வரவேண்டிய பாரிஷ் தேர்தல் 2022 மேயிலேயே வந்தது. தேர்தல் செலவு பாரிஷ் தலையில் விழும் என்பதால் அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

சரி, பூங்காவுக்கு வருவோம்.

மாவட்டம் ஏன் திடீரென்று தாராளமாகிறது? கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் நல்ல எண்ணம்தான். புதிய யூனிட்டரியின் பணத்தில் பெரும்பகுதி முதியோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் நலனுக்கும் போய்விடும், நம் ஊர்ப் பூங்காவை அங்கே யார் நினைப்பார்கள் என்று அவர்களுக்கும் கவலை. சாமர்செட்டில் நடந்ததைப் பாருங்கள். நான்கு மாவட்டங்களும் கவுண்டியும் சேர்ந்து 2023 ஏப்ரலில் ஒரே கவுன்சில் ஆனது. அதே வருடம் நவம்பரில் நிதி நெருக்கடி என்று அறிவித்துவிட்டார்கள். பொதுக் கழிப்பறை, பூங்கா, கேமரா கண்காணிப்பு என்று ஒவ்வொன்றாக டவுன் கவுன்சில்களிடம் "நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடுவோம்" என்ற நிலை வந்தது. பட்ஜெட் போட வேண்டிய ஜனவரிக்குச் சில வாரங்களே இருந்தன. டாண்டன் போன்ற ஊர்களில் அடுத்த வருடப் பிரிசெப்ட் எகிறியது. டாண்டன் டவுன் கவுன்சிலுக்கே அப்போது ஒரு வயது முடியவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாவட்டமோ கவுண்டியோ குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் வரியை ஏற்ற வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷ்களுக்கும் டவுன்களுக்கும் இதுவரை அந்த உச்சவரம்பு போடவில்லை. அதனால் மேலே ஏற்ற முடியாத செலவு, கீழே ஏற்ற முடிந்த இடத்துக்கு இறங்கி வருகிறது. திட்டுவது மட்டும் உங்களைத்தான் திட்டுவார்கள், ஏனென்றால் வரி ரசீதில் ஏறியிருப்பது உங்கள் வரி.

கணக்கு இப்படிப் போடுங்கள். பேண்ட் டி கணக்கில், அதாவது எல்லா வீடுகளையும் நடுத்தர வரிப்பிரிவு வீடுகளாக மாற்றி எண்ணும் கணக்கில், உங்கள் ஊர் 2,000 வீடுகள் என்று வையுங்கள். பூங்காவும் கழிப்பறையும் சேர்ந்து வருடத்துக்கு 60,000 பவுண்டு பிடித்தால் ஒரு வீட்டுக்கு 30 பவுண்டு. இந்த 30 பவுண்டை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று உங்களால் நியாயப்படுத்த முடியுமா என்பதுதான் முதல் சோதனை. முடியும் என்றால் தயங்காதீர்கள். மக்கள் கண்ணெதிரே புல் வெட்டி, கழிப்பறை திறந்திருந்தால் 30 பவுண்டுக்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை. அப்புறம், மாவட்டம் அதே பூங்காவுக்காக உங்கள் ஊரிடம் மட்டும் தனிச் செலவு என்று வரியில் வசூலித்துக்கொண்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படி இருந்தால் பூங்கா கைமாறும் நாளிலேயே அந்த வசூல் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒரே புல்லுக்கு இரண்டு தடவை காசு கொடுப்பீர்கள்.

எங்களிடம் இதே மாதிரி ஒரு பூங்கா வந்த கதையைச் சொல்கிறேன். மாவட்டம் கலைய ஐந்து மாதம் இருக்கும்போது கடிதம் வந்தது. எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரே சந்தோஷம், பலர் பிள்ளைகளாக விளையாடிய இடம் அது. நானும் தலைவரும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தோம். நவம்பர் மாதம், தரையெல்லாம் ஈர இலை. நமக்குத் தரப்போகும் நிலத்தைச் சுற்றி வரைபடத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடு கழிப்பறையின் பின்சுவரோடு நின்றுவிட்டது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று அடி தள்ளி ஓர் இரும்பு மூடி, அதற்குக் கீழேதான் கழிவுநீர்க் குழாய். குழாய் ஓடும் நிலம் வேறு பட்டாவில், கார் நிறுத்தும் இடத்தோடு சேர்ந்து யூனிட்டரிக்குப் போகிறது. அடைப்பு எடுக்க வேண்டுமென்றால் பிறர் நிலத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். தலைவர் குனிந்து அந்த மூடியின் மேலிருந்த இலைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார் கண்ணிலும் படவில்லையா?" என்றார். பட்டிருக்காது. அந்த அலுவலகத்தில் அந்த மாதம் ஒருவர் நூறு வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரங்களும் அப்படித்தான். ஓரமாக வரிசையாக நின்ற ஆஷ் மரங்களில் பாதிக்கு மேல் பட்டுப்போகும் நோய். ஆஷ் டைபேக் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது, சாலையோரத்தில் நிற்கும் ஒரு பெரிய மரத்தை வெட்டி இறக்குவது சின்னச் செலவில்லை. மர ஆய்வு அறிக்கை கேட்டோம். "கடைசியாக எடுத்தது எப்போது என்று தேடுகிறோம்" என்று பதில் வந்தது. நாங்கள் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினோம். ஊரில் சிலருக்குக் கோபம்தான், இலவசமாக வருவதைக் கிளார்க் தடுக்கிறார் என்றார்கள். கடைசியில் யூனிட்டரி வந்து எட்டு மாதம் கழித்து, குழாய் நிலத்தையும் சேர்த்து, நோய் மரங்களை வெட்டிக் கொடுத்த பிறகு வாங்கினோம். அந்த எட்டு மாதமும் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. முதியவர்கள் பலர் அந்தப் பக்கம் நடக்கவே வருவதில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தூக்கம் கெட்டது. இன்றைக்கும் அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை: நிலப் பதிவுப் பத்திரமும் அதிலுள்ள நிபந்தனைகளும், மர ஆய்வு, விளையாட்டுக் கருவிகளின் ஆண்டுப் பரிசோதனை அறிக்கை, கடந்த மூன்று வருடச் செலவுக் கணக்கு, நடப்பு ஒப்பந்தங்கள். இதோடு பலர் மறந்துவிடும் ஒன்று: பக்கத்தில் வீட்டுமனைகள் கட்டிய நிறுவனம் அந்தப் பூங்காவைப் பராமரிக்க என்று மாவட்டத்திடம் மொத்தமாகப் பணம் கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் நிலத்தோடு மீதிப் பணமும் வர வேண்டும். கேட்காவிட்டால் அது புதிய கவுன்சிலின் பெரிய கணக்கில் கரைந்துவிடும், பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு.

வேலையாட்களும் உண்டு. பூங்காவில் முழுநேரமாக வேலை செய்பவர் இருந்தால் வேலையோடு அவரும் உங்களிடம் வருவார். அதே சம்பளம், அதே விடுப்பு, ஓய்வூதியப் பாதுகாப்பு எல்லாம் சட்டப்படி தொடர வேண்டும். ஓய்வூதியத்துக்கு முதலாளி பங்கு பெரிய தொகை, பட்ஜெட்டில் அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஆள் வருவதைச் சுமையாக மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் குழாய் எங்கே கசியும் என்று காகிதத்தில் இல்லாதது எல்லாம் அவருக்குத் தெரியும்.

கழிப்பறையைப் பற்றி ஒரு நல்ல செய்தி: தனியாக நிற்கும் பொதுக் கழிப்பறைக்கு, வீடல்லாத கட்டடங்களுக்குப் போடும் வரி இப்போது முழுத் தள்ளுபடி. 2021இல் சட்டம் வந்து, 2020 ஏப்ரல் முதலே செல்லும் என்று ஆக்கினார்கள். மாவட்டம் தரும் பழைய செலவுக் கணக்கில் அந்த வரி இருந்தால் கழித்துவிடுங்கள்.

பெரும்பாலும் எழுதுகிற குத்தகைப் பத்திரத்தைவிட முழு உரிமையாக வாங்குவதே மேல் என்பது என் அபிப்பிராயம். குறுகிய குத்தகை என்றால் மானியம் தருபவர்கள் தர யோசிப்பார்கள், ஒரு கொட்டகை போடக்கூட நிலக்காரரிடம் கேட்க வேண்டும். முழு உரிமை தரமாட்டேன் என்றால் குறைந்தது 99 வருடமாவது கேளுங்கள்.

காலக்கெடுவும் இருக்கிறது. மறுசீரமைப்பு ஆணை வந்தபின், கலையப்போகும் கவுன்சில்கள் கடைசி நேரத்தில் சொத்தை வாரி இறைக்காமல் இருக்க அரசு ஒரு கட்டுப்பாடு போடலாம். 2007ஆம் வருடச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அது. அதன்படி 1,00,000 பவுண்டுக்கு மேல் போகும் நில விற்பனைக்கும், 10 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட மூலதன ஒப்பந்தத்துக்கும் புதிய கவுன்சில் தரப்பின் சம்மதம் வேண்டும். சம்மதம் வாங்க வாரங்கள் ஓடும். ஆகவே வாங்குவது என்று தீர்மானித்தால் இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். கடைசி ஐந்து மாதத்தில் வரும் கடிதத்துக்காகக் காத்திருந்தால் எங்கள் கதைதான்.

உங்கள் தனிப்பட்ட நிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தேர்தல் இல்லாமல் கோ-ஆப்ஷனில் வந்தவர். வேலையைப் பொறுத்தவரை வித்தியாசமில்லை, உங்கள் ஓட்டும் மற்றவர்கள் ஓட்டும் ஒன்றுதான். ஆனால் பொது அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. 2011ஆம் வருடச் சட்டம் தந்தது அது. தனிமனிதர் ஒருவர் சட்டப்படி செய்யக்கூடிய எதையும் கவுன்சிலும் செய்யலாம் என்பது அதன் சாரம். அது பாரிஷுக்குக் கிடைக்க, உறுப்பினர் இடங்களில் மூன்றில் இரண்டு பங்காவது தேர்தலில் வந்தவர்களாக இருக்க வேண்டும், கிளார்க் உரிய தகுதித் தேர்வு முடித்திருக்க வேண்டும். போட்டியில்லாமல் தேர்வானவர்களும் தேர்தலில் வந்தவர்கள்தான். கோ-ஆப்ஷனில் வந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பூங்காவுக்கும் கழிப்பறைக்கும் பழைய சுகாதாரச் சட்டங்களிலேயே பாரிஷுக்கு அதிகாரம் இருக்கிறது, அதனால் இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. நாளைக்கு ஒரு கடையோ மையமோ எடுத்து நடத்த நினைத்தால் பொது அதிகாரம் இல்லாமல் கை கட்டப்பட்டுவிடும். அடுத்த தேர்தலில் நீங்களே மனுத்தாக்கல் செய்யுங்கள், இன்னும் நாலு பேரையும் நிற்கச் சொல்லுங்கள்.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறைய பெரிய ஊர்களுக்குப் பாரிஷே கிடையாது. லண்டன் ஓரத்து எப்சம், அப்பால் கில்ட்ஃபர்ட் டவுன் எல்லாம் அப்படித்தான் இருந்து வந்திருக்கின்றன. மாவட்டமே அவர்களுக்கு ஊர்க் கவுன்சிலாகவும் இருந்தது. அது போனால் ஊருக்கென்று யாருமில்லை. அந்த மாதிரி ஊர்களில் முன்பு என்ன செய்தார்கள் என்றால், கலைவதற்கு முன்பே ஆய்வு நடத்தி டவுன் கவுன்சில் அமைத்தார்கள். 2009இல் சால்ஸ்பரி, ஷ்ரூஸ்பரி, 2019இல் வெய்மத், 2023இல் டாண்டன். ஹாரகெட்டும் ஸ்கார்பரோவும் இரண்டு வருடம் தாமதித்து 2025இல்தான் டவுன் கவுன்சில் தேர்தல் கண்டன. மக்களே மனு கொடுத்தும் ஆய்வைக் கேட்கலாம்: 2,500 வாக்காளருக்கு மேற்பட்ட ஊரில் 7.5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால் போதும், ஒரு வருடத்துக்குள் ஆய்வை முடிக்க வேண்டும்.

எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கென்ட்டில் ராச்செஸ்டர் இருக்கிறது. 1211இலிருந்து நகரம் என்ற அந்தஸ்தோடு இருந்த ஊர். 1998இல் அந்த கவுன்சில் கலைந்து மெட்வே யூனிட்டரியோடு சேர்ந்தபோது, பழைய உரிமைகளைக் காத்து வைக்க அறங்காவலர்களை நியமித்திருக்க வேண்டும். நியமிக்கவில்லை. நகர அந்தஸ்து சத்தமில்லாமல் போய்விட்டது. போய்விட்டது என்பதே 2002இல், அதிகாரப்பூர்வப் பட்டியலில் பெயர் இல்லாததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு மெட்வே பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. மேயரின் சங்கிலி, செங்கோல், பழைய சாசனங்கள் இவற்றுக்கெல்லாம் அடுத்த உரிமையாளர் யார் என்று ஒரு வரி எழுதாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

புதிய யூனிட்டரிகள் அக்கம்பக்கக் குழுக்கள் அமைக்கும் என்று அரசு சொல்கிறது. அமைக்கட்டும், போய் உட்காருங்கள். ஆனால் அவை யூனிட்டரியின் குழுக்கள். பிரிசெப்ட் போடவோ நிலம் வைத்துக்கொள்ளவோ அவற்றால் முடியாது. உங்கள் வேலைக்கு அவை மாற்றாகாது. உங்கள் ஊருக்கு அக்கம்பக்கத் திட்டம், அதாவது ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் திட்டம், இருந்தால் அது யூனிட்டரியின் கீழும் செல்லுபடியாகும். புதிதாகக் கட்டுபவர்களிடம் மாவட்டம் கட்டுமான வரி வசூலிக்கும் பகுதியாக இருந்தால், உங்கள் எல்லையில் வசூலானதில் பாரிஷுக்கு வரும் 15 சதவீதம், திட்டம் இருந்தால் 25 சதவீதமாகும். திட்டம் பாதியில் நிற்கிறது என்றால், பழக்கப்பட்ட அதிகாரிகள் இருக்கும்போதே முடித்துவிடப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பூங்காவைச் சேர்க்கச் சொல்லி கிளார்க்குக்கு இன்றே எழுதுங்கள். "கொள்கையளவில் விருப்பம், ஆவணங்கள் வந்தபின் முடிவு" என்று தீர்மானம் போட்டால் கதவும் மூடாது, கையும் சிக்காது. மாவட்டத்திடமிருந்து வரைபடம் வந்ததும், ஒரு மழை நாளில், பூட்ஸ் போட்டுக்கொண்டு சிவப்புக் கோட்டைச் சுற்றி முழுதாக நடந்து பாருங்கள். மழையில் நடந்தால்தான் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும். இரும்பு மூடி எதையாவது பார்த்தால் படம் எடுத்து வையுங்கள். ஏதாவது புரியவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.